டிக்கி, ஸ்டெப்னி, ஷிம்: தொழிற்சாலைச் சாலையில் பழைய ஆங்கிலம்

(வல்லக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அருணகிரிநாதர் இந்த ஊரைக் கோடைநகர் என்று பாடினார். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை, பேருந்தின் நெற்றியிலும் இல்லை. ஆனால் கிருத்திகைக்கு இங்கே வருகிற கூட்டத்தில் திருப்புகழ் ஓதத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். ஏழடி உயரத்தில் நிற்கும் நம் முருகனைக் கோடைநகர்ப் பெருமான் என்றுதான் சொல்வார். அப்படியானால் அந்தப் பெயர் வழக்கொழிந்ததா, வழக்கில் இருக்கிறதா? யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆங்கிலச் சொற்களுக்கும் இதே கேள்வியைப் போடலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் முடிந்தது. அதில் வழக்கிறந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குத்துவாள் குறி போடுவார்கள். அந்தக் குறி இல்லாவிட்டாலும் பழையது, அரியது, வட்டார வழக்கு என்று ஏதாவது ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தச் சீட்டு ஒட்டிய சொற்கள்மீது தனி மோகம் உண்டு. நானும் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன், எனக்கும் உண்டு. ஆனால் ஒரு சொல் இறந்துவிட்டது என்று அகராதி சொல்லும்போது அது இங்கிலாந்தின் செய்தியைத்தான் சொல்கிறது. அங்கே இறந்த சொற்களில் சில, ஆலைகள் நிறைந்த நம் வல்லம் வடகால் சாலையிலும் ஒரகடம் கூட்டுரோட்டிலும் தினமும் நம் வாயில் புழங்குகின்றன.

ஸ்டெப்னியை எடுத்துக்கொள்வோம். லாரி ஓட்டுகிறவர், கார் வைத்திருப்பவர், பங்ச்சர் கடைக்காரர், யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஒரு மெக்கானிக்கிடம் போய் ஸ்டெப்னி எங்கே என்று கேட்டால், கிழக்கு லண்டனில் அந்தப் பெயரில் இருக்கும் பேட்டைக்கு வழி சொல்வார். மாற்றுச் சக்கரத்துக்கு அங்கே வேறு பெயர். நம் ஸ்டெப்னி பிறந்தது அந்தப் பேட்டையிலும் இல்லை. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று இருக்கிறது. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் வெடித்தால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். 1904இல் அந்தத் தெருவில் டேவிஸ் என்ற பெயருடைய இருவர், டயர் பூட்டிய ஒரு வளையத்தைச் செய்தார்கள். பழுதான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன்மேலேயே இந்த வளையத்தைப் பிடிப்புகளால் பொருத்தி ஓட்டிக்கொண்டு போகலாம். தெருவின் பெயரே சரக்கின் பெயராயிற்று. உலகமெங்கும் விற்றது. பிறகு கழற்றி மாட்டும் சக்கரம் வந்ததும் அந்தச் சரக்கு போயிற்று, இங்கிலாந்தில் சொல்லும் போயிற்று. இந்தியாவில் சொல் நின்றுவிட்டது, பொருளை மட்டும் மாற்றிக்கொண்டது. பிரேசில்காரர்கள் இதே சொல்லை எஸ்டெபி என்று போர்த்துகீசிய வாயில் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஸ்டெப்னிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, அதைப் பெரியவர்கள் இருக்கும் சபையில் விரிக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். இரவல் சொல் ஒன்றில் கேலியும் கிசுகிசுவும் ஏறிவிட்டால் அது இரவல் நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

ஸ்டெப்னியை வைக்கிற இடம் டிக்கி. குதிரை வண்டிக் காலத்தில் வண்டியின் பின்புறம் வேலைக்காரன் உட்காருவதற்கு இருந்த இருக்கைக்கு டிக்கி என்று பெயர். பழைய இரண்டு பேர் கார்களில் பின்பக்கம் மடக்கித் திறக்கும் இருக்கைக்கு அதே பெயர் போயிற்று. அந்த இருக்கையே ஒழிந்த பிறகு இங்கிலாந்தில் சொல்லும் ஒழிந்தது. நாம் மட்டும் பெட்டி படுக்கையை டிக்கியில் போடுகிறோம்.

மூன்றாவது சொல்லைப் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம். படப்பையிலிருந்து ஒரகடம் வரும்வரை எத்தனை இடத்தில் டிங்கரிங் அண்ட் பெயிண்டிங் என்று எழுதியிருக்கிறது, கவனித்துப் பாருங்கள். பழைய இங்கிலாந்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர். நம் தெருவில் ஈயம் பூசலையோ என்று கூவிக்கொண்டு வந்தாரே, ஏறக்குறைய அவர். பிறகு அந்தச் சொல் அங்கே நாடோடிகளை இழிவாகச் சொல்லும் வசையாகத் திரிந்தது. வினைச்சொல்லாக, வேலை தெரியாமல் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பது என்ற பொருளில் மிஞ்சியிருக்கிறது. இங்கே டிங்கர் என்றால் தொழில்காரர். நசுங்கிப்போன கதவைச் சுத்தியலும் கையுமாகத் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவரும் அவருக்குக் கூலி அதிகம், மரியாதையும் அதிகம். பிறந்த ஊரில் மானம் போன சொல்லுக்கு நம் சாலையோரத்தில் பட்டறையும் பெயர்ப்பலகையும் கிடைத்திருக்கின்றன.

இப்படி அங்கே நின்று இங்கே ஓடுவது சொற்கள் மட்டுந்தானா? ஒரு மோட்டார் சைக்கிளே அப்படித்தான். ராயல் என்ஃபீல்டு புல்லட் 1932இல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் முதலில் உதிரிகளைக் கோத்தார்கள், பிறகு உதிரிகளையும் இங்கேயே செய்தார்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டது. சென்னையில் வண்டி நிற்கவில்லை. 1977 வாக்கில் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இன்று ஒரகடத்திலும் நமக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் ஓடுகின்றன. வண்டியோடு சேர்ந்து அதன் சொற்களும் வந்து இறங்கின. வண்டியில் டேப்பட் சத்தம் வருது என்று ஒரு மெக்கானிக் சொல்லும்போது, மெல்லத் தட்டுதல் என்ற பொருள் கொண்ட டேப் என்ற பழைய வினைச்சொல்லின் குட்டியைத்தான் உச்சரிக்கிறார். அவர் காது வைத்துக் கேட்பதும் அந்தத் தட்டலைத்தான்.

இனி ஆலைக்கு உள்ளே போவோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். கிண்டியில் 1986இல் தொடங்கிய, இன்று தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் என்று பெயர் கொண்ட அமைப்பு வெளியிடும் பிட்டர், டர்னர் பாடநூல்களை நீங்கள் கையில் வைத்துப் படித்திருப்பீர்கள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்த ஒருவரிடம் அந்த நூலில் பத்துப் பக்கம் கொடுத்துப் பாருங்கள், பாதிச் சொல்லுக்கு அகராதியைத் தேடுவார். ஸ்வார்ஃப் என்றால் என்ன? லேத்திலும் அரத்திலும் உதிரும் உலோகத்தூள், சுருள். நாம் பேச்சில் சிப்ஸ் என்போம், புத்தகம் ஸ்வார்ஃப் என்னும். வடகடலில் கப்பலோட்டிய நார்ஸ் மக்களின் மொழியோடு உறவுள்ள சொல் அது. ரீமர்? துளையைச் சரியான அளவுக்கு அகலப்படுத்தும் கருவி. பழைய ஆங்கிலத்தில் இடம் பண்ணு என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது, ரூம் என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு என்று அகராதிகள் சொல்கின்றன.

எனக்கு மிகப் பிடித்தது கெர்ஃப். ரம்பம் ஓடினால் ரம்பத்தின் கனத்துக்கு மரம் காணாமல் போகுமே, அந்த வெட்டின் அகலத்துக்குப் பெயர். 1066இல் நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே அந்தச் சொல் இருந்தது. அன்றாடம் பேசும் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோருக்கு இன்று அது தெரியாது. ஆனால் லேசரில் தகடு வெட்டும் சி.என்.சி. எந்திரத்தில் கெர்ஃப் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒளிக்கற்றை தின்னும் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதை அந்தக் கட்டத்தில் போடாவிட்டால் வெட்டிவரும் துண்டு அளவு தப்பும், லாட் முழுக்க ரிஜெக்ட் ஆகும். ஆயிரம் வருஷத்துச் சொல்லின் பொருளை எண்ணாக எழுதத் தெரிந்தவர் இருங்காட்டுக்கோட்டையில் ஏதோ ஒரு ஷெட்டில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பில் சிரிப்பு எழுப்பும் சொல் ஒன்றும் உண்டு. அரங்களின் தரத்தில் ரஃப்புக்கும் செகண்ட் கட்டுக்கும் நடுவே வருவதற்குப் பாஸ்டர்ட் ஃபைல் என்று பெயர். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதும் பின்பெஞ்சு குலுங்கும். அது திட்டு இல்லை. வழக்கமான அளவுக்குள் அடங்காதது, இரண்டுக்கும் இடைப்பட்டது என்ற பழைய தொழில்வழக்கு. வசைக்குப் பின்னால் மறைந்துபோன அந்தப் பொருளை அரம் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

வார்ப்பாலையில் ஃபெட்லிங் என்று ஒரு பகுதி இருக்கும். அச்சிலிருந்து எடுத்த வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டி, உலோகம் பாய்ந்து வந்த வழியில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, பிசிறை அரைத்துச் சுத்தமாக்கும் வேலை. ஆங்கிலேயர் இன்று இதன் அடிச்சொல்லான ஃபெட்டில் என்பதை ஒருவர் உடல்நலத்தோடு தெம்பாக இருக்கிறார் என்று சொல்லும் ஒரே ஒரு தொடரில்தான் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள், வட இங்கிலாந்தின் பேச்சு வேறு. அடிவேர் இடைவார் என்ற பொருள் கொண்ட பழைய சொல். இடைவாரைக் கட்டுவது, அதாவது நாம் சொல்கிறோமே வரிந்து கட்டிக்கொண்டு நிற்பது, அதிலிருந்து ஆயத்தமாக்குவது என்று பொருள் விரிந்தது. ஆலையின் மிக மோசமான தூசு அங்கேதான் பறக்கும், நுரையீரலுக்குள் இறங்கும் மணல்தூசு. அங்கே வேலை பார்ப்பவர்களில் கணிசமானவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்த அழகான பழஞ்சொல்லை இத்தனை விலை கொடுத்துக் காப்பாற்றுகிறவர்களுக்கு நல்ல முகக்கவசமாவது தர வேண்டும் என்பதை இடையில் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஆலைச் சொல் ஒன்று நாவலுக்குள்ளும் இருக்கிறது. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் நூலாக வெளியிட்ட, ஓர் இளம் கலைஞனைப் பற்றிய நாவலில் ஒரு காட்சி வருகிறது. டப்ளின் கல்லூரியில் ஸ்டீஃபன் என்ற மாணவன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலை டண்டிஷ் என்கிறான். ஆங்கிலேயரான பாதிரியார் அந்தச் சொல்லையே கேட்டதில்லை, அது அயர்லாந்துச் சொல்லா என்று வியக்கிறார். ஆளும் இனத்தவரின் மொழியைத் தான் இரவல் வாங்கிப் பேசுகிறோம் என்று ஸ்டீஃபன் அந்த இடத்தில் குமைகிறான். பின்னால் அகராதியைப் பார்த்தால் டண்டிஷ் சுத்தமான பழைய ஆங்கிலம். தன் மொழியே தெரியாத அவர் எனக்குக் கற்பிக்க வந்தாரா என்று அவனுக்கு எரிச்சல் பொங்குகிறது. உருக்காலைகளில் உருகிய உருக்கைச் சுமந்துவரும் கலத்திலிருந்து அச்சுக்கு அது இறங்கும்போது நடுவில் ஒரு தொட்டி இருக்கும். அதன் பெயர் இன்றும் டண்டிஷ்தான். ஜாய்ஸின் பாதிரியார் நம் ஊர் உருக்காலைத் தொழிலாளியிடமும் தோற்றிருப்பார்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை வெள்ளைக்காரர்களே வியந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் ரீமருக்கும் புரோச்சுக்கும் வித்தியாசம் தெரிந்து, அதைக் கையால் செய்தும் காட்டுகிற இருபது வயதுப் பெண், நேர்காணலில் தன்னைப் பற்றி நாலு வரி சரளமாகச் சொல்லவில்லை என்றால் அவளுக்கு ஆங்கிலம் வராது என்று தாளில் குறித்துவிடுகிறோம். வாக்கியம் அமைக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொடுக்கவும் வேண்டும். அவளுக்குத் தெரிந்த சொற்களை அந்த நேர்காணல் குழுவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. அகராதியில் அரிய சொல் என்று சீட்டு ஒட்டியிருந்தால் அதற்கு ஒரு கவர்ச்சி, அதே சொல்லில் கிரீஸ் ஒட்டியிருந்தால் அது படிப்பில்லாதவர் பேச்சு.

இந்தச் சொற்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் நம் லைனில் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் இந்தியும் நம்மவர் தமிழும் பாதி வழியில் நின்றுவிடும். ஷிம், ஜாக், பர், சக் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் புரிகிறது.

ஆலை வருமுன் இங்கே நிலம் கைமாறியது. அந்தக் கைமாற்றத்தை எழுதிய காகிதங்களில் வேறு வகைப் பழைய ஆங்கிலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய கிரயப் பத்திரத்தில் விட்னெசெத் என்று வரும். அந்த எத் விகுதி இங்கிலாந்தின் பேச்சிலிருந்து போய் முந்நூறு ஆண்டுக்கு மேலாகிறது. குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பத்திர எழுத்தரும் ஷெ சொத்து, சர்வ சுதந்திர பாத்தியம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்றுதான் எழுதுகிறார். வீட்டில் யாரும் ஷெ என்று பேசுவதில்லை.

பத்திரத்திலிருந்து ஸ்டோர்ஸ் வரை நடந்து வந்த சொல் ஒன்று உண்டு. அது இண்டெண்ட். ஒரே தோல்தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வது பழைய ஐரோப்பிய வழக்கம். சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பல்லோடு பல் பொருந்தினால் மெய். லத்தீனில் பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பத்திரத்துக்கு இண்டெஞ்சர் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் தொழில் பழக வரும் சிறுவர்களை அப்படி எழுதிக் கட்டினார்கள். பிறகு நம்மவர்களையும் கட்டினார்கள். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகம் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு அந்தக் காகிதத்தில் தொடங்குகிறது. இப்போது நம் ஆலையில் நூறு போல்ட் வேண்டுமானால் ஸ்டோர்ஸுக்கு இண்டெண்ட் போடுகிறோம். பொருள் கேட்கும் சீட்டு என்ற இந்தப் பொருள் கம்பெனி காலத்து இந்தியாவில் வேரூன்றியது. அப்ரண்டிஸாக வந்த பையன் முதல் வாரத்தில் இண்டெண்ட் புத்தகம் எழுதப் பழகுகிறான். இருநூறு ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் அவன் பெயரே இண்டெஞ்சரில் இருந்திருக்கும்.

வந்த சொற்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், போய்த் திரும்பிய சொற்களும் உண்டு. சாணை பிடிக்கும் கடினமான கனிமத்துக்கு நாம் வைத்த பெயர் குருந்தம். ஆங்கிலத்துக்குப் போய்க் கொரண்டம் ஆயிற்று. 1890களில் அமெரிக்கரான எட்வர்டு ஆச்சிசன் செயற்கையாக ஓர் அரைபொருளைச் செய்து, கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று பெயர் சூட்டினார். 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. அப்படியாகக் குருந்தம் ஊர் திரும்பியது, யாருக்கும் அடையாளம் தெரியாமல். தமிழ்க் கிடங்கு அல்லது தெலுங்குக் கிட்டங்கி மலாய்க்குப் போய், போர்த்துகீசியர் வாய் வழியே ஆங்கிலத்தில் கோடவுன் ஆகி, குடோன் என்று வந்து சேர்ந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் எத்தனை குடோன்கள்!

ஊட்ஸ் என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. ஊட்ஸ் எனப்பட்ட தென்னிந்திய உருக்கு பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போயிற்று, 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கன்னடத்து உக்கு, நம் உருக்கு, இந்தக் குடும்பத்துச் சொல்லை யாரோ ஊக் என்று எழுத, இன்னொருவர் அதைத் தவறாகப் படித்து ஊட்ஸ் ஆக்கியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. ஃபாரடே உட்பட ஐரோப்பிய அறிஞர்கள் அந்த உருக்கின் சூட்சுமத்தைத் தேடினார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் அநேகமாக ஓர் எழுத்துப்பிழையின் பெயரில்.

யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல்லும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி 1886இல் வந்தது. இந்தியாவில் வெள்ளைக்காரர் பேசிய சொற்களின் கடல் அது. பட்டறையில் நம்மவர் பேசிய ஆங்கிலத்தைத் தேடி எடுப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கும் அது வேலை இல்லை. கலைச்சொல் ஆக்குபவர்கள் லேத்துக்குக் கடைசல் எந்திரம் என்றார்கள். நல்ல சொல், தச்சர்கள் வாயில் இருந்த சொல். அதை எழுதும்போது பக்கத்திலேயே லேத்து என்று தொழிலாளி சொல்வதையும் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் தனி மனிதராக நின்று வட்டார வழக்கு அகராதி செய்தார், 1982இல் வந்தது. கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்தார். ஒரகடம் வட்டாரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இதுவும் ஒரு வட்டாரம்தானே?

நாள் கடத்த முடியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் புது வண்டிகளில் எரிபொருளை ஊசிபோல் பீய்ச்சும் முறை பரவலாகி, சோக் இழுப்பது போயிற்று. மின்வாகனத்தில் டேப்பட் இல்லை, கட்ஜன் பின் இல்லை, சைலன்சர் இல்லை. அதே 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. டியூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பங்ச்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் காரில் மாற்றுச் சக்கரம் வைக்கத் தேவையில்லை என்று வந்துவிட்டது. லனெத்லியில் போன ஸ்டெப்னி இங்கிருந்தும் போகக்கூடும். இப்படிப் போகும் சொற்களின் இடத்துக்கு, தொடர் மேம்பாட்டைக் குறிக்கும் கைசன், தவறு நேராமல் தடுப்பதைக் குறிக்கும் போகா யோகே என்று ஜப்பானியச் சொற்கள் வந்துகொண்டிருக்கின்றன. வரட்டும், அவற்றையும் எழுதிவைப்போம்.

அறக்கட்டளையாருக்கு என் வேண்டுகோள் எளியது. பக்கத்துக் கல்லூரிகளில் தமிழும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகளையும், ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருப்பவர்களையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. தொழிலாளி உச்சரிக்கிறபடியே சொல், அது எந்தப் பொருளுக்கு அல்லது எந்தச் செயலுக்கு, யார் சொல்வது, எந்த வேலையில், எங்கே கற்றது, பாடநூலில் வேறு பெயர் இருந்தால் அது. பொருளை அந்தத் தொழில் செய்பவர் சொல்ல வேண்டும், கல்லூரிப் பிள்ளை எழுதிக்கொள்ள வேண்டும். இதை மாற்றிச் செய்தால் திரும்பவும் ஒரு கலைச்சொல் பட்டியல்தான் கிடைக்கும். ஆலைக்குள் படம் எடுக்க அனுமதி கிடைக்காது, ஆகவே கையால் வரைந்தால் போதும்.

முதல் அட்டைக்கு ஷிம் என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் சொருகும் மெல்லிய தகடு. ஆங்கில அகராதிகள் இதற்குப் பிறப்பிடம் தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டன. நம் அட்டையில் அந்த ஒரு இடம் காலியாகவே இருக்கட்டும், மற்றதை நிரப்பலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், அட்டைகள் கொண்டுவந்திருக்கிறேன்.